தென்னை மர உயரத்தில் ஒரு வெளிச்சம்

எங்கள் கிராம உதவியாளர் சங்கத்தின் இதழுக்கு, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போன இதழில் ஒருவர் வெள்ளத்தில் மூன்று பேரைத் தோளில் தூக்கி வந்ததை எழுதியிருந்தார். இன்னொருவர் மணல் லாரியை மறித்து நின்றதை எழுதியிருந்தார். என் தோளில் துண்டைத் தவிர வேறு எதையும் நான் தூக்கியதில்லை. லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறவன் நான். ஆனால் வானத்தில் தெரிந்த வெளிச்சத்தை அரசாங்கத்தின் சார்பில் விசாரித்த அனுபவம், எனக்குத் தெரிந்து, தாமிரபரணிக் கரையில் வேறு எந்தத் தலையாரிக்கும் கிடையாது.

இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் போனில் கேட்டார்கள். செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகின்றனவாம். அதைப் பார்த்து ஜனங்கள் மனுக் கொடுக்கிறார்களாம். "அண்ணாச்சி, நீங்க ஒரு வெளிச்சத்தக் கண்டுபிடிச்சீங்களாமே, எப்படின்னு சொல்லுங்க" என்கிறார்கள். கண்டுபிடித்தது உண்மைதான். அதைத் தொலைத்ததும் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. சீவலப்பேரிக்குப் பக்கம், ஆற்றின் வடகரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுதப் படிக்க வரும். பேசத்தான் வராது. இரண்டு பேருக்கு மேல் கூடி நின்றால் காது சூடாகிவிடும். தலையாரி வேலைக்கு வந்தபோது என் பயிற்சி ஒரு பிற்பகலில் முடிந்தது. பழைய தலையாரி நிலம் அளக்கிற சங்கிலியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "சர்வேயர் நடன்னா நட, நில்லுன்னா நில்லு. எதுக்குன்னு மட்டும் கேக்காத" என்றார். கேட்காமல் இருப்பது எனக்கு இயல்பாகவே வந்ததால், நல்ல தலையாரி என்று பெயர் வாங்கிவிட்டேன்.

கடைசிப் பன்னிரண்டு வருடம் பொன்னுத்துரை சாரிடம் வேலை பார்த்தேன். அவர் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஒரு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தால், முதலில் மேசையைத் துண்டால் இரண்டு தடவை துடைப்பார். தாளை இடப்பக்கம் நான்கு விரற்கடை மடித்து ஓரம் விடுவார். பேனாவை உதறி, தன் பெயரை ஒரு பழைய உறையில் எழுதிப் பார்ப்பார். அதற்குள் சாட்சி சொல்ல வந்தவர் பாதியை மறந்திருப்பார். "மறந்தா நல்லது. மறக்காததுதான் உண்மை" என்பார் சார்.

அவருக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, சர்வே எண் இல்லாமல் உலகத்தில் எதுவும் நடக்காது. இரண்டு, அரசாங்கத் தாளில் 'தெரியவில்லை' என்று எழுதக் கூடாது. "தெரியலன்னு எழுதுனா, ஏன் தெரியலன்னு கேட்டு இன்னொரு தபால் வரும்ல. அதுக்கு என்ன எழுதுவ?" என்று கேட்பார். எனக்குப் பதில் தெரிந்ததில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வெளிச்ச மனு முதலில் வந்தது அந்த ரயில் பெட்டி வரிசைக்குத்தான். மாலையில் முப்பது நாற்பது விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கே போயின. தாலுகா அலுவலகத்திலிருந்து 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று தாள் வந்தது. சார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மேசையைத் துடைத்துவிட்டு எழுதினார்: 'மேற்படி விளக்குகள் அன்று மாலையே இக்கிராம எல்லையைக் கடந்து கீழ்ப்புறக் கிராமத்திற்குள் சென்றுவிட்டதால், மேல் நடவடிக்கை அக்கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது.' கீழ்ப்புற ஊர் வி.ஏ.ஓ. அதற்கடுத்த ஊருக்குத் தள்ளினார். அந்தத் தபால் ஸ்ரீவைகுண்டம் வரை போனதாகக் கேள்வி. கடலில் விழுந்ததா, யாராவது தடுத்து நிறுத்தினார்களா என்று தெரியாது.

இரண்டாவது மனு அப்படிக் கடந்து போகவில்லை. எங்கள் எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டது.

அது ஆடி மாதம். கார் நெல் தூர் கட்டி நின்ற சமயம். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் லிங்கம் அண்ணாச்சி இருபது கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். தினமும் பொழுது மயங்கும் நேரத்தில் ஆற்றுப் பக்கம் ஆகாயத்தில் ஒரு வெளிச்சம் தோன்றுகிறது, அசைகிறது, மினுக்குகிறது, எட்டு மணிக்குள் மறைந்துவிடுகிறது, பெண்கள் வாய்க்கால் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். மனு பல மேசைகள் இறங்கி எங்களிடம் வந்தது.

சார் ஐந்து சாட்சிகளை வரச் சொன்னார். நான் போய்க் கூட்டி வந்தேன்.

"எந்தப் பக்கமா போச்சு அண்ணாச்சி?" என்று லிங்கம் அண்ணாச்சியைக் கேட்டார்.

"கெழக்கருந்து மேக்க போச்சு சார். நான் டீ ஆத்திக்கிட்டே பாத்தேன்."

"போகவும் இல்ல, வரவும் இல்ல" என்றார் பேச்சியம்மாள். வயல் வேலைக்குப் போகிறவர், எழுபது வயது இருக்கும். "நின்ன எடத்துலயே நின்னு என்னயவே பாத்துச்சு. நான் என்ன பாவம் செஞ்சேன்னு தெரியல."

"சார், அது பஸ் கூடவே வருது" என்றார் கண்டக்டர் முருகன். "சீவலப்பேரிலருந்து நம்ம ஊரு வரைக்கும் ஜன்னல் பக்கமாவே வருது. டிக்கெட்டும் எடுக்க மாட்டேங்கு."

ஒருவர் கோபுர உயரம் என்றார். ஒருவர் மேகத்துக்கு மேலே என்றார். லிங்கம் அண்ணாச்சி பொதிகை மலை உயரம் என்றார். சார் பேனாவை மூடி வைத்தார்.

"அஞ்சு பேரு அஞ்சு உயரம் சொன்னா தாலுகா ஆபீஸ்ல என்னயப் பாத்துத்தான் சிரிப்பான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார். "ஏலே சுடலை, நீ அதப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஒரு நாள் சைக்கிளில் போகும்போது ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தேன்.

"பாத்தேன் சார்."

"எவ்வளவு ஒயரம் இருக்கும்?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டுத் தென்னை மரம் நின்றது.

"ஒரு… தென்னமர ஒயரம் இருக்கும் சார்."

வேறு மரம் நின்றிருந்தால் அந்த மரத்தைச் சொல்லியிருப்பேன். ஆடு நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சாருக்கு முகம் தெளிந்துவிட்டது. ஐந்து வாக்குமூலமும் ஒரே நடையில் எழுதினார். 'நான் மேற்படி ஊரில் பிறந்து வளர்ந்து குடியிருந்து வருகிறேன். மேற்படி வெளிச்சத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அது தென்னை மர உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகச் சென்றது. இதை வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.' இடத்துக்கு ஆற்றுப் புறம்போக்கின் சர்வே எண்ணைப் போட்டார். நான்கு எல்லையும் எழுதினார். வடக்கே நஞ்சை, தெற்கே ஆறு, கிழக்கே படித்துறை, மேற்கே பழைய தரைப்பாலம். மேலே எல்லை போடலாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு விட்டுவிட்டார்.

வாசித்துக் காட்டியபோது பேச்சியம்மாள் மட்டும், "நான் அப்படிச் சொல்லலியே ராசா" என்றார்.

"நீ சொன்னதத்தான் ஆத்தா சட்டப்படி எழுதிருக்கேன்."

"சட்டப்படியா? அப்பஞ் சரி" என்று கைநாட்டு வைத்தார்.

ஒரு வாரத்தில் மேலிருந்து பதில் கேள்வி வந்தது. ஐந்து பேரும் தென்னை மர உயரம் என்று உறுதியாகச் சொல்வதால் அது நட்சத்திரமோ விமானமோ இல்லை, ஆளில்லாமல் பறக்கிற டிரோன் மெஷினாக இருக்கலாம், அக்கிராமத்தில் யாரிடமாவது அது உண்டா?

உண்டு. ஒருவரிடம்தான் உண்டு. சேவியர்.

சேவியர் கடற்கரைக்காரர். சரக்குக் கப்பலில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். கப்பலில் சம்பாதித்ததை எல்லாம் போட்டு வயலுக்கு மருந்து அடிக்கிற டிரோன் ஒன்று வாங்கியிருந்தார். அந்தக் கார் போகத்துக்கு முப்பது வயல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்த நேரம். அவர் மெஷின் பகலில்தான் பறக்கும், பொழுது சாய்ந்தால் கொட்டகைக்குள் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. சார் சேவியரின் பெயரை எழுதி அனுப்பினார். காவல் நிலையத்திலிருந்து வந்து, விசாரணைக்கு என்று மெஷினை எடுத்துப் போனார்கள்.

அன்றைக்கே மேகம் போட்டது. ஆறு நாள் சாரல். அந்த ஆறு நாளும் வெளிச்சம் வரவில்லை.

"பாத்தீரா வே? மிஷின் போச்சு, வெளிச்சமும் போச்சு" என்றார் லிங்கம் அண்ணாச்சி. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாருக்கு வடையும் சேர்த்து. துப்பறிந்தவன் என்ற பெயரோடு ஆறு நாள் நடமாடினேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் வெயில் அடித்தது. மாலையில் வெளிச்சம் வந்துவிட்டது.

மெஷின் காவல் நிலையத்தில் இருக்கிறது, வெளிச்சம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதோடு சேவியரை விட்டிருக்க வேண்டும். ஆனால் ஊர் வேறு மாதிரி யோசித்தது. "ரெண்டாவது மிஷின் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கான்" என்று பேச்சு கிளம்பியது. வயல்காரர்கள் வேறு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கொடுத்த வாக்கு ஒவ்வொன்றாகக் கழன்றது.

சேவியர் தினமும் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, எம் பேர்ல என்ன எழுதிருக்கீங்க? அந்தத் தென்னமரம் எங்கருந்து வந்துச்சு?" அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் உள்ளறைக்குப் போய் அடங்கல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். பழைய காகிதத் தூசிக்கு எனக்குத் தும்மல் வரும். மூன்றாம் நாள் நான் தும்மியபோது அவர் வெளியிலிருந்தே, "நூறாயுசு அண்ணாச்சி. வெளிய வாங்க" என்றார்.

வந்தேன். வேறு வழி?

"சாயங்காலம் எங்கூட வாய்க்கா மதகு வரைக்கும் வாங்க. ஒண்ணு காட்டணும்."

மாலை ஆறே முக்காலுக்கு மதகின் மேல் நின்றோம். தெற்கே ஆற்றோரம் முழுக்கச் சீமைக்கருவேல். அதற்கு மேல் பனைகள் கறுப்பாக நின்றன. தரைப்பாலம் உடைந்து மூடியதிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. காற்று பலமாக இருந்தது. வெளிச்சம் வந்தது. மஞ்சளாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு.

சேவியர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் இங்கன நிக்கேன். அது அங்கன நிக்கி. எங்கையில ஒண்ணும் இல்ல. பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"இப்ப எண்ணுங்க."

"எதை?"

"மினுக்குதுல்லா, அத. கப்பல்ல ராத்திரி காவல் நிக்கும்போது கரையில தெரியுத ஒவ்வொரு வெளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒண்ணு ரெண்டு தடவ மினுக்கி நிக்கும், இன்னொண்ணு நாலு தடவ. அத வச்சுத்தான் இது எந்தத் தொறைமொகம்னு சொல்லுவோம். எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு நிறுத்தம். மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தம்.

"பேய்க்கு இவ்வளவு ஒழுங்கா எண்ணத் தெரியாது அண்ணாச்சி" என்றார் சேவியர். "இது எவனோ வாங்கி, எவனோ மாட்டுன வெளக்கு. அந்த எவனத்தான் தேடுதேன்."

அந்தக் கணக்கை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சத்தம் போட்டு எண்ணியவர் பொன்னுத்துரை சார்.

இரண்டு வருடத்துக்கு முந்தின வெள்ளத்துக்குப் பிறகு, தரைப்பாலத்தில் வைக்க ஓர் எச்சரிக்கை விளக்கு வந்தது. வெயிலில் தானே மின்சாரம் ஏற்றிக்கொண்டு, இருட்டினால் தானே மினுக்கும். 'வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்தவும்' என்று உத்தரவு. பொருத்துகிற வரை அது சாரின் மேசையில் இருந்தது. மின்சாரம் போன ஒரு நாள் அது மினுக்க ஆரம்பித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏலே, இது என்னயப் பைத்தியமாக்குது, எடுத்துட்டுப் போ" என்று சார் அதன் தலையில் துண்டைப் போட்டார். கம்பம் வரவில்லை. ஆகவே பாலத்துப் பக்கம் நின்ற உயரமான பனையில், பனையேறி தங்கையாவை ஏற்றி, ஓலைக்கு அடியில் கட்டினோம். வெள்ளம் எட்டாத உயரம்தான். வெயிலும் எட்டவில்லை. அன்று மாலை நின்று பார்த்தேன், எரியவில்லை.

சாரிடம் சொன்னேன். "எரியலன்னு எழுதுனா ஏன் எரியலன்னு கேப்பான். ஏன்னு நமக்குத் தெரியாது. எரிகிறதுன்னு எழுது" என்றார். எழுதினேன். என் பொறுப்பில் இருந்த பதிவேடுகளில் அதுவும் ஒன்று. மாதம் ஒரு வரி. 'விளக்கு எரிகிறது.' கீழே என் கையெழுத்து. இரண்டு வருடம் எழுதினேன். பாலம் மூடினபிறகும் எழுதினேன்.

ஊரில் யாருக்கும் அந்த வெளிச்சம் என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மற்றவர்களாவது அப்படி ஒரு விளக்கு இருப்பதையே மறந்தவர்கள். நான் மறக்கவில்லை. அது எரியாது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். எரிகிறது என்று மாதாமாதம் எழுதிய ஒரே ஆளும் நான்.

மறுநாள் காலையில் தங்கையாவைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ஆமா, ஆட்டுக் கொட்டகைக்கு ஓலை வேணும்னு அந்தப் பனையில வெட்டுனேன், வைகாசியில" என்றார்.

"வெளக்கு கெடந்துச்சே, பாக்கலியா?"

"பாத்தேன். கவுர்மெண்டு சாமான். நான் எதுக்குத் தொடுதேன்?"

ஓலை போனதும் வெயில் பட்டிருக்கிறது. மேகம் போட்ட நாளில் மின்சாரம் ஏறவில்லை. எட்டு மணிக்குத் தீர்ந்துபோனது. காற்றில் பனை ஆடினால் வெளிச்சமும் ஆடியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு மரங்களுக்குப் பின்னால் கூடவே வந்தது. என் பொய் இரண்டு வருடம் கழித்து உண்மையாகிவிட்டது. அதன் மேல்தான் ஊர் மனுப் போட்டிருக்கிறது.

தாசில்தாரே விசாரணைக்கு வருவதாக அன்று காலையில் தாள் வந்திருந்தது. விளக்கு விஷயத்தைச் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

"ஒனக்கு ஓய்வுக்கு எத்தன மாசம் இருக்கு?"

"நாலு மாசம் சார்."

"எனக்கு ஒம்பது மாசம். பதிவேட்டுல இருக்கது ஓங் கையெழுத்து, பக்கத்துல எங் கையெழுத்து. பொய்ப் பதிவுன்னு வந்தா ரெண்டு பேருக்கும் பென்ஷன் நின்னுரும்." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "தங்கையாவ வச்சு வெளக்கப் பைய எறக்கிரு. ஆத்துல போட்டுரு. வெளிச்சமும் நிக்கும், பேச்சும் நிக்கும்."

"சேவியர் மிஷின் சார்?"

"வெளிச்சம் நின்னா ஊர் மறந்துரும்ல."

அன்று மதியமே தங்கையா இறக்கித் தந்தார். சாக்கில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று யோசித்தேன். நான் மெதுவாகத்தான் யோசிப்பேன், ஆனால் யோசிப்பேன். இன்று முதல் வெளிச்சம் நின்றால் ஊர் என்ன சொல்லும்? தாசில்தார் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் சேவியர் இரண்டாவது மெஷினையும் ஒளித்துவிட்டான் என்று சொல்லும். வெளிச்சம் எரிந்தாலும் அவர் குற்றவாளி, அணைந்தாலும் அவர் குற்றவாளி. இதைத் தண்ணீரில் போட்டால் அவர் மெஷினையும் சேர்த்துப் போடுகிறேன். வேட்டி நனைந்ததுதான் மிச்சம். சாக்கோடு கரையேறி வந்து வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்கு மினுக்கியது. என் மனைவி அன்று இரவு சமையலறைப் பக்கமே போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குத் தாசில்தார் வந்தார். வெளி மாவட்டத்துப் பெண்மணி, வேலைக்கு வந்து சில மாதம்தான். அலுவலகம் நிறைய ஆட்கள். ஜன்னலில் எல்லாம் தலைகள். நான் வாசல் நிலையோடு ஒட்டி, சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்ககிட்ட இன்னொரு மெஷின் இருக்கா?" என்று சேவியரைக் கேட்டார்.

"இல்லம்மா. இருந்த ஒண்ணும் உங்ககிட்டத்தான் இருக்கு."

"ரெண்டு நாளா வெளிச்சம் வரலையாமே?"

"வந்தாலும் என்னக் கேக்கிய. வரலன்னாலும் என்னக் கேக்கிய. நான் என்ன செய்யட்டும்?"

தாசில்தார் ஐந்து வாக்குமூலத்தையும் பிரித்து வைத்தார். "அஞ்சு பேர், அஞ்சு தனித்தனி இடத்துலருந்து பார்த்திருக்காங்க. ஒரு வார்த்தை மாறாம, தென்னை மர உயரம்னு சொல்றாங்க. இதைப் பொய்னு எப்படிச் சொல்றது?"

சேவியர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன், அங்கே அந்த மரம் நின்றிருக்கும், மறுபடியும் எதையாவது உளறியிருப்பேன். பார்க்காததால்தான் வாய் வந்தது.

"அம்மா, அந்தத் தென்னமரம் நான் வச்சது."

எல்லோரும் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மரத்தைப் பார்த்தார்கள். தாசில்தாரும் பார்த்தார். "எந்த மரம்?" என்றார்.

சாக்கை அவிழ்த்து விளக்கை மேசையில் வைத்தேன். பகல் வெளிச்சத்தில் அது சும்மா இருந்தது. ஒரு தகர டப்பா மாதிரி. ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். என் தோள் துண்டை எடுத்து அதன் மேல் போட்டேன். துண்டுக்குள் மஞ்சளாக ஒளி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தம். சேவியர் வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. சாரின் உதடும் அசைந்தது.

"அய்யய்யோ, என்னயப் பாத்தது இதுதானா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து பேச்சியம்மாள் கத்தினார்.

தாசில்தார் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். அடியில் எங்கள் கிராமத்தின் பெயர் வெள்ளைப் பெயின்டில் இருந்தது, என் கோணல் எழுத்தில். பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். புரட்டினார். புரட்டப் புரட்ட ஒரே வரி.

"ரெண்டு வருஷமா எரிகிறதுன்னு எழுதியிருக்கே?"

"அப்ப எரியலம்மா."

"எரியாதப்போ எரியுதுன்னு எழுதியிருக்கீங்க. எரியும்போது?"

"அப்பவும் எரியுதுன்னுதாம்மா எழுதிருக்கேன். ஆனா அது எரியுதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது பொன்னுத்துரை சார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று தெரியவில்லை.

"எழுதச் சொன்னது நாந்தாம்மா. அவனா எழுத மாட்டான்" என்றார்.

இருவருக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தோம். சார் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். ஓய்வுக்குப் பிறகு ஏழு மாதம் எனக்குப் பென்ஷன் வரவில்லை. கடைசியில் பணிப் பதிவேட்டில் கண்டனம் என்று ஒரு வரி எழுதி முடித்தார்கள். சாருக்கும் அதேதான். "ஏலே, இத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்துட்டு, தொறந்த அன்னிக்கே எம் மடியில கை வச்சிட்டியே" என்பார், பார்க்கும்போதெல்லாம். ஆனால் தன் பக்கத்தில் உட்கார இடமும் ஒதுக்குவார்.

சேவியரின் மெஷின் திரும்ப வர மேலும் பத்து நாள் ஆனது. முப்பது வயலில் பதினொன்றுதான் மிச்சம் இருந்தது. ஒரு சிறகு ஓரத்தில் உடைந்திருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெற்றுக்கொண்டதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைத்தான் கேட்டார். போட்டேன். பிறகு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வாய்க்கால் மதகுக்குப் பக்கத்து வரப்பில் மெஷினை வைத்தார். லிங்கம் அண்ணாச்சி, பேச்சியம்மாள், இன்னும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மெஷின் இரைந்துகொண்டு நெல்லைச் சாய்த்துவிட்டு மேலே எழும்பியது. ஏறி, ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. சேவியர் கையில் இருந்த பெட்டியின் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இப்ப எவ்வளவு ஒயரம் இருக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகியது. வரப்போரம் நான்கு தென்னை நின்றது. நான் மெஷினைப் பார்த்தேன், தென்னையைப் பார்த்தேன், மறுபடியும் மெஷினைப் பார்த்தேன்.

"தெரியலயே" என்றேன்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்லா" என்றார் சேவியர்.